உறவு முறை: மச்சான்

ஸ்காபரோ, கனடா
19.01.1997

அன்புள்ள பூரணிக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

உன்னை இங்கே எடுக்க நான் போட்ட விண்ணப்பத்தைப் பதிந்து நம்பரும் தந்துவிட்டார்கள். கொழும்பில் இருக்கிற கனடா எம்பசியிலிருந்து மெடிக்கலுக்குக் கடிதம் வரும். சுணங்காமல் போய் எடு. மெடிக்கல் எடுத்த நாளிலிருந்து ஒரு வருசத்துக்குள் நீ இங்கே வந்து இறங்கிவிட வேண்டும். அந்தத் திகதி தாண்டினால் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.

லோயர் ஒரு கேள்வி கேட்டார். எட்டு மாதம் சேர்ந்து இருந்திருக்கிறீர்கள், நாலு வருசமாகப் பிரிந்து இருக்கிறீர்கள், பிள்ளையும் இல்லை. நீங்கள் உண்மையான புருசன் பெண்சாதி என்று வெள்ளைக்காரன் எதை வைத்து நம்புவான் என்றார். நான் உன் கடிதங்களைச் சொன்னேன். நாற்பத்தியொரு கடிதத்தையும் உறையோடு சப்பாத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒன்று விடாமல் கொண்டுவரச் சொல்லிவிட்டார். இனி வருவதையும் கொடுக்க வேண்டுமாம். இடையில் ஒன்று காணாமல் போனாலும் ஏன் என்று கேட்பார்களாம். வினாயகமூர்த்தி என்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் அவற்றை இங்கிலீசில் மாற்றித் தருகிறார்.

நீ எனக்கு எழுதியதை இன்னொருவர் படிப்பது வெட்கமாகத்தான் இருக்கிறது. வேறு வழியில்லை.

உன்னிச்சை வயல் போதும் என்று அம்மாவிடம் சொல்லு. இந்த வயதில் வாவியைத் தாண்டி, ஆமி மறிக்கிற சென்றிக்குச் சென்றி இறங்கி ஏறி, அவ நெல் விளைவிக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
கனகசிங்கம்


தன்னாமுனை
02.03.1997

அன்புள்ள மச்சானுக்கு,

இரண்டு பேரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எனக்கு மூக்கொழுகுகிற தடிமன், மாமிக்குக் கோபம். மற்றபடி சுகம்.

என் கடிதங்களை ஊருக்கு வாசித்துக் காட்டப் போகிறீர்களா? ஏற்கனவே இங்கிருந்து போகும்போது ஆமிக்காரர் உடைத்து ஒட்டித்தான் அனுப்புகிறார்கள். இனி வினாயகமூர்த்தி, லோயர், வெள்ளைக்காரன் என்று இன்னும் மூன்று பேர். போன வைகாசியில் நான் எழுதிய அந்த ஒரு கடிதத்தை மட்டும் எடுத்து ஒளித்துவிடுங்கள். எது என்று உங்களுக்குத் தெரியும்.

மெடிக்கல் முடிந்தது. பெப்ரவரி பத்தாம் திகதி. ஏறாவூர் மஜீட் காக்காவின் வான் வண்டியில் கொழும்புக்குப் போனேன். வழியில் ஐந்து இடத்தில் இறக்கிப் பையைக் கொட்டினார்கள். நெஞ்சுப் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், பல்லைக்கூடப் பார்த்தார்கள். மாடு வாங்குகிறவன் இவ்வளவு பார்க்க மாட்டான். ஒரு வருசம் என்றால் அடுத்த பெப்ரவரி பத்து. கலண்டரில் எழுதிவிட்டேன்.

நீங்கள் வயலைப் பற்றி எழுதியதை மாமிக்கு வாசித்தேன். "நம்மட ஊர்ல மாப்பிளதான் பொண்ணு ஊட்டுக்குப் போற. பொண்ணக் கனடாவுக்குக் கூப்பிர்ற ஆள் எனக்குப் புத்தி சொல்ல வேணாம் எண்டு எழுது" என்றா. என் அப்பாவின் தங்கை அல்லவா, அதே வாய். அப்பாவும் அம்மாவும் போன பிறகு இந்த வீட்டில் என்னோடு வாயடிக்க இருக்கிற ஒரே ஆள் உங்கள் அம்மாதான். சந்தோசமாகத்தான் இருக்கிறது.

ஆனால் வலது கையைத் தூக்கச் சுணங்குகிறா. நெல் மூட்டை பிடித்ததில் சுளுக்கு என்கிறா. எண்ணெய் பூசிவிட வந்தால் கிட்ட விடுகிறா இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
பூரணி


ஸ்காபரோ
18.05.1997

அன்புள்ள பூரணிக்கு,

நான் சுகம். இதைக் கோபப்படாமல் வாசி.

கொழும்பிலிருந்து லோயருக்குக் கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் கொடுத்த கடிதங்கள் எல்லாம் அந்தப் பெண் தன்னுடைய அக்காவின் கணவருக்கு எழுதியவையாகத் தெரிகின்றனவாம். கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லையாம். விளக்கம் வரும்வரை பைலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

என்ன நடந்தது தெரியுமா? நீ 'மச்சான்' என்று எழுதிய இடமெல்லாம் வினாயகமூர்த்தி 'பிறதர் இன் லோ' என்று போட்டிருக்கிறார். நேரே போய்க் கேட்டேன். "தம்பி, டிக்சனரியில மச்சான் எண்டதுக்கு அதுதானே கிடக்கு? எங்கட பக்கம் பெண்சாதிமார் புருசனை இஞ்சாருங்கோ எண்டெல்லோ கூப்பிடுறவை" என்றார். உன் வைகாசிக் கடிதமும் போய்விட்டது பூரணி. உன் சொல் என் கைக்கு வரமுதலே கொடுத்துவிட்டேன். அக்கா புருசனுக்கு ஒரு பெண் இப்படியும் எழுதுவாளோ என்று தான் யோசித்ததாகவும், ஆனாலும் தன் வேலை மொழிபெயர்ப்பு மட்டும்தான் என்றும் மனிசன் சொல்கிறார். எனக்குச் சிரிப்பதா அவரை அடிப்பதா என்று தெரியவில்லை.

லோயர் சொன்னதைக் கவனமாகக் கேள். ஊருக்கு அரசாங்க அதிகாரி விதானையார்தானே, அவரிடம் ஒரு விளக்கக் கடிதம் எடுத்து அனுப்பு. இனி எழுதும் கடிதத்தில் கணவர் என்று எழுதி என் பெயரையும் எழுது. என் கடிதங்களை நீ இன்டர்வியூவுக்குக் கொண்டுபோக வேண்டும், உன் கடிதங்களை நான் இங்கே கொடுக்க வேண்டும். அதனால் நீ வருவதில் இழுபறி இருக்கிற மாதிரி ஒரு சொல்லும் இரண்டு பேருடைய கடிதத்திலும் இருக்கக் கூடாதாம்.

அம்மாவின் கை எப்படி?

அன்புடன், உன் கணவர்,
கனகசிங்கம்


தன்னாமுனை
06.07.1997

என் அன்புள்ள கணவராகிய திரு. கனகசிங்கம் அவர்களுக்கு,

உங்கள் சட்டப்படியான மனைவி அன்னப்பூரணி எழுதுவது. என் கணவராகிய உங்கள் சுகத்தை, மனைவியாகிய நான் அறிய ஆவலாக இருக்கிறேன். இவ்வளவும் போதுமா?

பேச்சு வந்த நாளிலிருந்து உங்களை மச்சான் என்றுதான் கூப்பிட்டேன். தாலி கட்டிய பிறகு அதை மாற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் பெயரை எழுதும்போது கை கூசுகிறது. வேறு யாருடைய புருசனுக்கோ எழுதுகிற மாதிரி இருக்கிறது.

விதானையாரிடம் போனேன். மனிசன் கதிரையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். "மச்சான் எண்டா புருசன்தான் எண்டு அரசாங்கக் கடதாசில எழுதச் சொல்றியா புள்ள? என்னையும் இந்த ஊர்ல பத்துப் பொம்புளயள் மச்சான் எண்டுதான் கூப்பிர்றாளுகள். மறுகா எல்லாரும் வந்து நிண்டா நான் என்ன செய்ற?" என்றார். பிறகு, மாமி மகனை மணந்த பெண் மணத்துக்குப் பின்னும் அவரை மச்சான் என்றே அழைப்பது இப்பகுதி வழக்கம் என்று எழுதி, முத்திரையும் குத்தித் தந்தார். இதோடு வைத்திருக்கிறேன். இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை மாதம் போகப் போகிறதோ. கலண்டரைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

மாமிக்குக் கொஞ்சம் சுகமில்லை. பயப்பட ஒன்றுமில்லை.

நான் வருவதில் எந்த இழுபறியும் இல்லை என்பதை இத்தால் அறியத் தருகிறேன்.

இப்படிக்கு மனைவி,
அன்னப்பூரணி


ஸ்காபரோ
20.08.1997

அன்புள்ள பூரணிக்கு,

நான் சுகம். கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. கை எப்போதும் விறைத்துப்போய் இருக்கிறது. வேறு குறையில்லை.

விதானையாரின் கடிதம் வேலை செய்துவிட்டது. செப்டெம்பர் 24ஆம் திகதி கொழும்பில் உனக்கு இன்டர்வியூ. கல்யாணப் போட்டோக்கள், பதிவுச் சான்றிதழ், என் கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோ. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு. விதானையாரிடம் கதைத்த மாதிரி அங்கே கதைத்துவிடாதே.

அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று எழுதியிருந்தாய். என்ன சுகமில்லை? நீ இரண்டு வரியில் ஒரு விசயத்தை முடிக்கிற ஆள் இல்லை. அம்மாவுக்கு என்ன?

உன் கணவர்,
கனகசிங்கம்


தன்னாமுனை
05.10.1997

அன்புள்ள கணவர் கனகசிங்கம் அவர்களுக்கு,

நான் சுகம். மாமியைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

ஆனி மாதம் கிணற்றடியில் தற்செயலாகக் கண்டேன். மாமியின் வலது மார்பில் எலுமிச்சங்காய் அளவு கட்டி. புண்ணாகி நீர் வடிந்துகொண்டிருந்தது. பத்து மாதமாகச் சட்டைக்குள் துணி மடித்து வைத்து மறைத்திருக்கிறா. நான் கத்தினேன். அவ என் வாயைப் பொத்தி, "அவனுக்கு எழுதாத புள்ள. எழுதினா ஓடி வருவான். எயாப்போட்லயே புடிச்சிருவானுகள்" என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினா. அதனால்தான் இரண்டு வரி. சத்தியத்தை இன்றைக்கு முறிக்கிறேன். பெற்ற மகனுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

இன்டர்வியூவுக்குப் போகும்போது மாமியையும் மஜீட் காக்காவின் வானில் ஏற்றிக்கொண்டு போனேன். கொழும்பு ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். புற்றுநோய், நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிட்டது, வெட்டிப் பிரயோசனமில்லை என்றார்கள். வலிக்கு மருந்து தந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மாமிக்குச் சிங்களம் தெரியாது. டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டா. வயதாகிவிட்டதாம், வயலுக்குப் போக வேண்டாமாம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மருந்துப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டா.

அடுத்த நாள் இன்டர்வியூ. அதிகாரி முதலில் கேட்டதே மச்சான் என்றால் யார் என்றுதான். மாமியின் மகன், என் புருசன், இரண்டும் ஒரு ஆள்தான் என்றேன். சிரித்தார். பிறகு, நீங்கள் போனால் உங்கள் மாமியாரை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். சொந்தக்காரர் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றேன். எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும்.

அழ வேண்டுமானால் அழுதுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மனைவி,
அன்னப்பூரணி


ஸ்காபரோ
09.11.1997

அன்புள்ள பூரணிக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை இடத்தில் கக்கூசுக்குள் இருந்து வாசித்தேன். சுப்பவைசர் வந்து கதவைத் தட்டும்வரை வெளியே வரவில்லை.

எனக்கு இலங்கைப் பாஸ்போட் இல்லை. அகதி என்று சொல்லி நின்றவன் திரும்பி வந்தால் இங்கேயும் கதவைச் சாத்திவிடுவார்கள், அங்கேயும் பிடிப்பார்கள். இதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள். வலிக்கு மருந்து முடியாமல் பார்.

குளிர் தொடங்கிவிட்டது. உனக்குக் கோட் வாங்க வேண்டும். தோள் அளவும் கை நீளமும் எழுதி அனுப்பு.

உன் கணவர்,
கனகசிங்கம்


தன்னாமுனை
14.12.1997

அன்புள்ள கணவர் கனகசிங்கம் அவர்களுக்கு,

விசா வந்துவிட்டது. பாஸ்போட்டில் குத்தியிருக்கிறார்கள். பெப்ரவரி பத்தாம் திகதிக்கு முன் இறங்க வேண்டும்.

மழை. வாவி பெருகி வளவுக்குள் தண்ணீர் நிற்கிறது. மாமி படுக்கையில்தான். தூக்கி இருத்தித்தான் கஞ்சி கொடுக்கிறேன். புண்ணை ஒரு நாளைக்கு மூன்று தடவை கழுவிக் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுச் சீனித்தம்பி அண்ணனின் பெண்சாதி, தான் பகலில் ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொல்கிறா. அவவுக்கும் ஐந்து பிள்ளைகள். மாமி விசாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "போ புள்ள, நான் செத்தா ஊர் தூக்கும்" என்கிறா. நான் அடுக்களைக்குப் போனால் உடனே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறா.

போன கிழமை டவுனில் கொமினிக்கேசன் கடையில் நின்று உங்களுக்குப் போன் எடுத்தேன். பின்னால் எட்டுப் பேர் வரிசையில். நான் சுகமா என்றேன், நீங்கள் சாப்பிட்டியா என்றீர்கள். அதோடு லைன் அறுந்துவிட்டது. கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தில் அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள் என்று ஒரு வரி. கோட் அளவு கேட்டு ஒரு வரி. இரண்டையும் ஒரு ஆள் எப்படிச் செய்வது? எனக்குக் களைப்பாக இருக்கிறது. உங்களுக்குத் தாய், எனக்கு மாமி. நீங்கள்தான் சொல்ல வேண்டும். வா என்றால் வருகிறேன். நில் என்றால் நிற்கிறேன். ஒரு சொல் எழுதுங்கள்.

தோள் பதினாலரை அங்குலம். கை இருபத்திரண்டு.

பூரணி


ஸ்காபரோ
05.01.1998

அன்புள்ள பூரணிக்கு,

வா.

பெப்ரவரி ஏழாம் திகதிக்கு டிக்கட் போட்டிருக்கிறேன். ஏஜென்சிக்காரர் கொழும்பில் தருவார். அம்மாவைப் பார்க்கச் சீனித்தம்பி அண்ணன் ஒரு ஆளை ஒழுங்கு செய்யட்டும்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

உன் கணவர்,
கனகசிங்கம்


தன்னாமுனை
01.03.1998

மச்சானுக்கு,

நான் வரவில்லை என்று சீனித்தம்பி அண்ணன் போனில் சொல்லியிருப்பார். மாமி போய்விட்டா என்றும் சொல்லியிருப்பார். மற்றதை நான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் ஜனவரி கடைசியில் வந்தது. அன்றைக்கே பெட்டி அடுக்கினேன். ஏழாம் திகதி விடிய வெள்ளண மஜீட் காக்காவின் வான் வாசலில் வந்து நின்றது. மாமியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு, "போயிற்று வாகா" என்றா. ஆனால் என் சேலைத் தலைப்பு அவவின் கைக்குள் இருந்தது. தான் பிடித்திருப்பது அவவுக்கே தெரியவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினேன். இரண்டு விரல் பிரித்தேன். மூன்றாவதைப் பிரிக்க என்னால் முடியவில்லை. வெளியே வந்து மஜீட் காக்காவைப் போகச் சொல்லிவிட்டேன். அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

பத்தாம் திகதி விசா முடிந்தது. பதினாறாம் திகதி மாமி முடிந்தா. வெறும் ஆறு நாள். கடைசி இரண்டு நாளும் என்னை அம்மா என்று கூப்பிட்டா. உங்கள் பெயரைச் சொல்லிச் சீனித்தம்பி அண்ணன் முதல் மண் போட்டார். ஆமியின் சுற்றிவளைப்பு என்று ரோட்டு மூடியிருந்ததால் பதினைந்து பேர்தான் வந்தார்கள். ஊர் தூக்கும் என்றா, ஊருக்கு வர முடியவில்லை.

நீங்கள் வா என்று எழுதினீர்கள். நான் கேட்கவில்லை. கட்டிய நாளிலிருந்து உங்கள் சொல்லை மீறியது இதுதான் முதல் தடவை. ஒரு வருசம் பட்ட பாட்டை ஒரு காலையில் வீணாக்கிவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டும்.

பூரணி


ஸ்காபரோ
02.04.1998

பூரணிக்கு,

இந்தக் கடிதத்தை நீ யாருக்கும் காட்ட வேண்டாம். உன்னுடைய கடைசிக் கடிதத்தையும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். எனக்கு அதை வாசிக்க முடியவில்லை. 'வா' என்று எழுதித் தபாலில் போட்ட அன்றிலிருந்து, நீ அந்தச் சொல்லைக் கேட்கக் கூடாது என்றுதான் பிள்ளையாரைக் கும்பிட்டேன். நில் என்று எழுதத்தான் கை போனது. நில் என்று எழுதினால் அது பைலுக்குப் போகும், இவனுக்குப் பெண்சாதி வேண்டாமாம் என்று ஆகிவிடும் என்று பயந்தேன். அது பாதிதான். மற்றப் பாதி, நில் என்று எழுதி உன் விசாவை நான் கெடுத்தவனாக இருக்க விரும்பவில்லை. நீயாக நிற்க வேண்டும், பழி என்னில் வரக் கூடாது என்று நினைத்தேன்.

இன்னொன்றும் எழுதுகிறேன். ஏழாம் திகதி நீ ஏறி வந்திருந்தால், எயாப்போட்டில் உன்னைக் கண்டவுடன் என் மனம் முதலில் என்ன சொல்லியிருக்கும் தெரியுமா? என் தாயை விட்டுவிட்டு வந்தவள் என்று. நானே வா என்று எழுதிவிட்டு, வந்ததற்காக உன்னைக் காலம் முழுக்கக் குற்றம் பிடித்திருப்பேன். உன் புருசன் அப்படிப்பட்ட ஆள்தான் பூரணி. அம்மாவின் புண்ணை நீ கழுவியபோது நான் இங்கே என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

புதுப் படிவம் இதோடு வைத்திருக்கிறேன். இதெல்லாம் தெரிந்த பிறகும் வர விருப்பம் என்றால் கையெழுத்து வைத்து அனுப்பு. விருப்பமில்லை என்றாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

சிங்கம்


தன்னாமுனை
10.05.1998

மச்சானுக்கு,

சுகம் விசாரிக்கவில்லை. கோபம் ஆறிய பிறகு விசாரிக்கிறேன்.

படிவத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். கிழிக்காமல் அலுமாரிக்குள் போட்டுப் பத்து நாள் ஆகிறது. தினமும் திறந்து பார்த்து, தினமும் உங்களை ஏசினேன். ஏசுவதைக் கேட்கக்கூட வீட்டில் ஆள் இல்லை.

பெப்ரவரி ஏழாம் திகதியிலிருந்து மாமி போகும்வரை, அந்தப் பத்து நாளும் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? அங்கே ஒரு மனிசன் கோட்டை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், நான் துரோகம் செய்துவிட்டேன் என்று குமைந்துகொண்டிருந்தேன். கஞ்சி கொடுக்கும்போதும் அதே நினைப்பு. நீங்கள் நில் என்று எழுதியிருந்தாலும் இதே கஞ்சியைத்தான் கொடுத்திருப்பேன், இதே புண்ணைத்தான் கழுவியிருப்பேன். ஆனால் மனம் நிறைந்து செய்திருப்பேன். மாமிக்குச் செய்த கடைசி வேலையைக் குற்றவாளி மாதிரிச் செய்ய வைத்துவிட்டீர்கள். அதை நான் இலேசில் மறக்கப் போவதில்லை.

இதற்கெல்லாம் உங்களோடு இருந்து நன்றாகச் சண்டை பிடிக்க வேண்டும். நான் ஒன்று கேட்டு, நீங்கள் மழுப்பி, அது பொய் என்று நான் திருப்பிச் சொல்லக் கடிதத்தில் மூன்று மாதம் ஆகிறது. இந்தக் கணக்கில் போனால் சண்டை முடிய முன்னரே இரண்டு பேரும் கிழடாகிவிடுவோம். அதனால் கையெழுத்து வைத்துவிட்டேன். படிவம் இதோடு இருக்கிறது. மெடிக்கலுக்குக் கெதியாகக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை ஒளிக்க வேண்டாம். வினாயகமூர்த்தியிடமே கொடுங்கள், ஒரு சொல் விடாமல் மாற்றட்டும். புருசன் பெண்சாதி இல்லாத இரண்டு பேர் இப்படி எழுதிக்கொள்ள மாட்டார்கள் என்று எந்த வெள்ளைக்காரனுக்கும் விளங்கும்.

பூரணி